என் ரிப்போர்ட்டைப் படிக்க விடாத வெப்சைட்

போன வருஷம் ஆடிக் காற்று அடங்கி, மழை இன்னும் பிடிக்காமல் புழுங்கிக்கொண்டிருந்த நாட்களில், புதுக்கோட்டையில் எனக்கு நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. எழுதினால் கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

எனக்குப் பார்வை இல்லை. பள்ளியில் படிக்கும்போது விழித்திரை நோய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கல்லூரிக்குப் போவதற்குள் முழுவதும் போய்விட்டது. பிறந்தது மணமேல்குடி. கல்யாணத்துக்குப் பிறகு புதுக்கோட்டையில் மாமியாருடன் இருக்கிறேன். கணவர் வளைகுடா நாட்டில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், "கண்ணு தெரியாம அதுல என்னத்தப் பார்ப்பீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. நான் பார்ப்பதில்லை, கேட்கிறேன்.

ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் குரலாகப் படித்துச் சொல்லும். கீபோர்டை வைத்துக்கொண்டே மேலே கீழே போகலாம், பட்டனை அழுத்தலாம், மெயில் அனுப்பலாம். ஆனால் வெப்சைட்டைச் செய்கிறவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தால்தான் அது ஒழுங்காகப் படிக்கும். ஒரு படம் வைத்தால் அது என்ன படம் என்று உள்ளே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். எழுதவில்லை என்றால் "கிராஃபிக்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பட்டனுக்குப் பெயர் வைக்கவில்லை என்றால் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். எதற்கான பட்டன் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படி எங்கெங்கே மாட்டிக்கொள்கிறது என்று சோதித்து எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில்.

அந்த முறை வந்த வேலை, எங்கள் ஊரிலேயே இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் வெப்சைட். திருச்சியில் ஒரு கம்பெனி அதைச் செய்து, ஜனங்கள் ஏற்கெனவே பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். ஏதோ தர ஆய்வு வருகிறது, பார்வையற்றவர்களும் பயன்படுத்த முடியும் என்று ஒரு சான்று வேண்டும் என்று கம்பெனியிலிருந்து ஒருவர் கேட்டார். மரியாதையாகப் பேசும் மனிதர்தான். சரி என்று உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்திலேயே தலைவலி. மேலே ஏதோ படங்கள் தானாக மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவை மாறும்போதும் நான் கேட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து குரல் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடியது. டாக்டர்களின் படங்களுக்குப் பெயர் இல்லை. கேமராவிலிருந்து எடுத்தபோது அந்தப் படங்களுக்கு விழுந்த எழுத்தையும் எண்ணையும் வரிசையாக ஒப்பித்தது. அப்பாயின்ட்மென்ட் போடும் காலண்டருக்குள் கீபோர்டால் நுழையவே முடியவில்லை. இவையெல்லாம் எல்லா இடத்திலும் பார்க்கிறதுதான், திருத்த முடிகிறதுதான். ஆனால் டெஸ்ட் ரிசல்ட் வரும் பக்கத்துக்குப் போனபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கம்பெனியில் கேட்டபோதுதான் தெரிந்தது, பரிசோதனை முடிவை ஒரு காகிதத்தில் அச்செடுத்து, முத்திரை குத்தி, அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். பெயர், வயது, முடிவு எல்லாமே அந்தப் படத்துக்குள். என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்: "கிராஃபிக்."

எல்லாவற்றையும் எழுதி, ரிசல்ட் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள், மற்றவை பிறகு என்று குறிப்பிட்டு அனுப்பினேன். சில நாள் கழித்து அந்த மனிதர் போன் செய்தார்.

"மேடம், மத்ததெல்லாம் பண்ணிடுறோம். அந்த ரிசல்ட் பேஜ் மட்டும் விட்டுடுங்களேன். லேப்ல அவங்க படமாத்தான் குடுக்குறாங்க, மாத்துறது பெரிய வேலை."

"அதை விட்டுட்டு எப்படிங்க சான்று குடுக்குறது? ஆஸ்பத்திரி வெப்சைட்ல ஜனங்க அதைத்தானே முதல்ல பார்க்க வருவாங்க."

"இல்ல மேடம், பிராக்டிகலா யோசிங்க. பார்வை இல்லாதவங்க தனியா டெஸ்டுக்கு வருவாங்களா? கூட யாராவது இருப்பாங்கல்ல. அவங்க படிச்சுச் சொல்லிடுவாங்க."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் படித்த படிப்பு, செய்கிற வேலை எல்லாம் அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு வெப்சைட்டைக் கொடுத்து நல்லது கெட்டது சொல்லச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் அவர் மனதில் நான் எங்கே போனாலும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற ஒரு ஆள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் என் மனதில் வேறொரு பாரமும் இருந்தது. குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டியிருந்தது. மாமியாரிடம் சொல்லவில்லை. மாமியின் தங்கை அந்த நோயில்தான் போய்ச் சேர்ந்தார். சொன்னால் மாமி அன்றைக்கே படுத்துவிடுவார். கணவரிடமும் சொல்லவில்லை. என்ன ஏது என்று தெரியாமல், அவ்வளவு தூரத்தில் இருக்கும் மனிதரை எதற்குப் பதற வைப்பது. தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, பெண் டாக்டர் இருக்கிறார், வீட்டுக்குப் பக்கம் என்பதால் அதே மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனேன். டாக்டர் நல்லவர். பொறுமையாகப் பார்த்து, ஊசி போட்டுக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். "ரிசல்ட் உங்க போனுக்கே வந்துரும். திங்கக்கிழமை என்னை வந்து பாருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுதுவிட்டு எழுந்தபோது போனில் செய்தி வந்திருந்தது. மாமி ஒரு கல்யாணத்துக்காக மணமேல்குடி போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். செய்தியில் இருந்த லிங்க்கைத் திறந்தேன். என்ன வரும் என்று தெரிந்தே திறந்தேன்.

"கிராஃபிக்."

வேலையில் கேட்கும்போது அது ஒரு குறை, எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அன்றைக்கு அப்படி இல்லை. எனக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பது என் உள்ளங்கையில் இருக்கிறது, என்னால் அதைத் தொடக்கூட முடியவில்லை. படத்தில் இருக்கும் எழுத்தைக் கண்டுபிடித்துப் படிக்கும் ஒரு செயலி என் போனில் இருக்கிறது. அதில் போட்டேன். காகிதத்தைக் கோணலாகப் படம் பிடித்திருப்பார்கள் போல. பாதி வரிகள் பொருள் இல்லாத எழுத்துகளாகக் கொட்டின. என் பெயரையே தப்பாகப் படித்தது. கடைசியில் மட்டும் தெளிவாக மூன்று சொற்கள் வந்தன.

"மேலிக்னன்ட் செல்ஸ் சீன்."

புற்றுநோய் செல்கள் தென்பட்டன என்று அர்த்தம்.

திரும்பப் போட்டேன். திரும்பவும் அதே மூன்று சொற்கள். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. தெருவில் யாரோ பழம் விற்றுக்கொண்டு போனது கேட்டது. கணவருக்கு என்ன சொல்வது, மாமிக்கு யார் சொல்வது என்று மனம் எங்கெங்கோ போனது. இப்போது யோசித்தால் வேறு வழிகள் இருந்தன. ஒரு சிநேகிதிக்கு அனுப்பியிருக்கலாம், வேறொரு செயலியில் போட்டிருக்கலாம். அந்த மூன்று சொற்களைக் கேட்ட பிறகு ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளைக் கோலை எடுத்துக்கொண்டு, புர்காவைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவைக் கூப்பிட்டு மருத்துவமனைக்கே போய்விட்டேன்.

லேப் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் பேப்பர் ரிப்போர்ட் கேட்டேன்.

"பேப்பர் இப்பக் குடுக்குறதில்லக்கா. எல்லாம் போன்லயே வந்துருச்சே."

"போன்ல எனக்குப் படிக்க முடியலைம்மா. நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்ல முடியுமா?"

"ரிசல்ட்டெல்லாம் நாங்க சொல்லக் கூடாதுக்கா, டாக்டர்தான் சொல்லணும். டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாங்க." பிறகு கேட்டாள்: "கூட யாரும் வரலையா?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குச் சொல்லப்பட்ட விதி அது. ஆனால் கண் தெரிகிற ஒருவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெள்ளிக்கிழமையே படித்துவிடக்கூடிய ஒன்றுக்காக, நான் திங்கட்கிழமை வரை அந்த மூன்று சொற்களோடு கிடக்க வேண்டும். அந்த விதியை எழுதியவருக்கு அது தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவி உட்கார்ந்தேன்.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்று பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

வேண்டாம் என்றேன். அவரே தொடர்ந்து பேசினார். "நான் திருவரங்குளத்துலேர்ந்து வாரேங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் பார்க்க வந்தோம். அவரு அங்கிட்டு ரத்தம் குடுக்க நிக்கிறாரு. நீங்க அந்தப் புள்ளகிட்டக் கேட்டுக்கிட்டு இருந்தது காதுல விழுந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, நான் வேணா பார்க்கட்டுங்களா? எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும்."

என் மார்பைப் பற்றிய செய்தி. என் கணவருக்குத் தெரியாது, மாமிக்குத் தெரியாது. முகம்கூடத் தெரியாத ஒருவரிடம் அதைக் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் போனை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, தொட்டால் பேசும் அந்தப் போனின் பேச்சை நிறுத்திவிட்டு அவர் கையில் கொடுத்தேன். கடைசி வரியைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன்.

"மெதுவாச் சொல்லுங்கக்கா. ஒவ்வொரு எழுத்தா."

அவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொல்ல ஆரம்பித்தார். "எம்... ஏ... எல்... ஐ..." எனக்கு மேலே கேட்க வேண்டியிருக்கவில்லை. அதே சொல்தான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் முடித்த பிறகும் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இருங்க. இதுக்கு முன்னாடி வட்டமா சீல் குத்தியிருக்காங்க. அதுக்கு அடியில என்னமோ எழுத்து தெரியுதுங்க."

"என்ன எழுத்து?"

"மை மேல மை ஏறிக் கெடக்கு. இருங்க, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்க்குறேன்." எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தார் போல. குரல் மறுபடி காதருகே வந்தது. "இங்கிலீஷ் 'என்'னுங்க. பெரிய 'என்'. பக்கத்துல ஒரு ஓ."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்கக்கா. 'என்'னும் 'ஓ'வுமா?"

"ஆமாங்க. 'என்', 'ஓ'. அப்புறம் எடம் விட்டுட்டுத்தான் நீங்க அழுதீங்களே அந்த வார்த்தை ஆரம்பிக்குது."

நோ மேலிக்னன்ட் செல்ஸ் சீன். புற்றுநோய் செல்கள் இல்லை.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "கெட்டதாங்க?" என்று பயந்துபோய்க் கேட்டார். நல்லது என்று சொன்னதும் அவரும் மூக்கை உறிஞ்சினார். கண் அவருடையது, இங்கிலீஷ் என்னுடையது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வரியைப் படித்து முடித்தோம். அவர் கணவர் வந்து கூப்பிட்டதும், "மனசத் தைரியமா வச்சுக்கங்க, வாரேங்க" என்று சொல்லிப் போய்விட்டார். பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை டாக்டரும் அதையே உறுதி செய்தார். சாதாரணக் கட்டிதான், பயப்பட வேண்டாம் என்றார். அதன் பிறகு கணவரிடம் சொன்னேன், மாமியிடமும் சொன்னேன். இருவரிடமும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன். சான்று விஷயமாக நேரில் பேச வேண்டும், மருத்துவமனைக்காரர்களும் இருக்க வேண்டும் என்றேன். கையெழுத்துப் போட்டுத் தருவதற்குத்தான் வருகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, உடனே ஏற்பாடு செய்தார்கள். ஏசி அறை. காபி வந்தது. கம்பெனிக்காரர், மருத்துவமனை நிர்வாக அதிகாரி, அவர்கள் சார்பில் ஒரு மூத்த பெண் டாக்டர். எனக்கு வைத்தியம் பார்த்தவர் இல்லை இவர்.

நடந்ததை முழுக்கச் சொல்லாமல், ஒரு நோயாளியின் ரிப்போர்ட் எனக்கு எப்படிக் கேட்கிறது என்று மட்டும் காட்டுகிறேன் என்றேன். லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ரிசல்ட் பக்கத்தைத் திறந்தேன். "கிராஃபிக்" என்றது. அவ்வளவுதான், இதற்கு மேல் எனக்கு எதுவும் கிடைக்காது என்றேன். கம்பெனிக்காரர், "படத்தைப் படிக்கிற ஆப் எல்லாம் இப்ப இருக்குல்ல மேடம்" என்றார். அதற்காகத்தான் காத்திருந்தேன். போனை எடுத்து அந்தச் செயலியையும் ஓட விட்டேன். பொருளில்லாத எழுத்துகள் எல்லாம் கொட்டி முடிந்து, கடைசியில் அந்தக் குரல் தெளிவாகச் சொன்னது.

"மேலிக்னன்ட் செல்ஸ் சீன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த டாக்டரின் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. "இது யாரோட ரிப்போர்ட்? பேஷன்ட்டுக்குத் தகவல் சொல்லியாச்சா? அவங்களை உடனே வரச் சொல்லுங்க" என்று நிர்வாக அதிகாரியிடம் சொன்னார்.

"என்னோடதுதான் டாக்டர்" என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. படத்துல அதுக்கு முன்னாடி 'நோ' இருக்கு. உங்க ஆஸ்பத்திரி சீல் அதுமேல விழுந்திருக்கு. என் காதுக்கு அது வரலை. இப்ப உங்க காதுக்கும் வரலை."

டாக்டர் லேப்டாப்பை என்னிடம் கேட்டு வாங்கி, திரையில் அந்த வரியைப் பார்த்தார் போல. அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

நிர்வாக அதிகாரிதான் பேசினார். "எப்படியோ, ரிசல்ட் உங்களுக்கு நல்லபடியாத்தானே வந்திருக்கு மேடம். அப்புறம் எதுக்கு இதை இவ்வளவு பெருசா எடுத்துக்குறீங்க?"

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சூடாகிறது. அவரிடம் சொன்னேன்: "ரிசல்ட்ட நான் குறை சொல்லலைங்க. அன்னைக்கு மதியானத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எனக்குப் புற்றுநோய் இருந்துச்சு. அதை எனக்குக் குடுத்தது வியாதி இல்ல, உங்க வெப்சைட்." என் குரல் உயர்ந்துவிட்டது என்று தெரிந்தது. தணிக்க முயற்சி செய்யவில்லை. கூட யாராவது வருவார்கள் என்கிறீர்களே, என் உடம்புச் சங்கதியை எனக்கு முன்னால் யார் படிக்கலாம் என்று நீங்கள் எப்படித் தீர்மானித்தீர்கள், உங்கள் ரிப்போர்ட்டை வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித்தான் தெரிந்துகொள்வீர்களா என்று கேட்டேன். சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த டாக்டர் மட்டும் வாசல் வரை கூட வந்து, ஆட்டோ வரும்வரை நின்றார். "நான் பேசுறேன்" என்றார்.

அவர் பேசியிருக்க வேண்டும். சில மாதம் கழித்து, கட்டியை மறுபடி பார்க்கப் போனபோது வந்த ரிப்போர்ட் எழுத்தாகவே வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஸ்கிரீன் ரீடர் நிறுத்தாமல் படித்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானே கேட்டேன். எனக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

ஆனால் காலண்டர் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அப்பாயின்ட்மென்ட் போட இன்னும் போன் செய்துதான் கெஞ்ச வேண்டும். கம்பெனிக்காரர் எனக்கு அதன்பிறகு வேலை கொடுக்கவில்லை. இதையெல்லாம்விட, மருத்துவமனை விளம்பரத்தில் 'பார்வையற்றோரும் எளிதாகப் பயன்படுத்தலாம்' என்று ஒரு வரி போட்டிருப்பதாக ஒரு சிநேகிதி படித்துச் சொன்னாள். யாரிடம் சான்று வாங்கினார்களோ தெரியாது. அதைக் கேட்டு மருத்துவமனைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. திரும்ப எழுதுவேன்.

திருவரங்குளத்துக்காரரை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அவர் மட்டும் அந்த முத்திரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் எனக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. அதே நேரத்தில், அப்படி ஒரு நல்ல மனுஷி அந்த நேரத்துக்கு அங்கே வந்து உட்கார்ந்திருந்தால்தான் என் உடம்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்ற நிலைமையில் என்னை நிறுத்தியவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் தீரவில்லை, தீர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.